டவரை நலம் விசாரித்தவள்

பக்கத்து அறையின் சாவியை என்னிடம் வாங்கிக்கொள்ள வந்தவளுக்கு, சாவி என்ற சொல்லுக்கு வந்து சேரவே அரை மணி நேரம் பிடித்தது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார மாமி. மாடியில் இன்னொரு அறை காலியாக இருந்தது. அதற்கு ஒரு பெண் வருகிறாள், விமானம் ஓட்டப் படித்தவளாம், வந்தால் சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு மாமி கோயிலுக்குப் போயிருந்தார். விமானம் ஓட்டுகிறவள் என்றதும் கறுப்புக் கண்ணாடியும் விறைத்த நடையுமாக ஒருத்தி வருவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, கட்டைப் பை கொள்ளாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காய்களோடு வாசலில் நின்றாள். சாப்டீங்களா அக்கா என்றாள். ஆச்சு என்றேன். என்ன குழம்பு என்றாள். சொன்னேன். முகம் வாடியிருக்கே, தலைவலியா என்றாள். அப்போதுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. என் அம்மா எந்த ஊர், தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இந்த மாடியில் வெயில் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடித்து, கடைசியில் போகிற போக்கில் கேட்பதுபோல், சாவி உங்ககிட்ட இருக்கும்னு மாமி சொன்னாங்க என்றாள்.

அவள் அப்படித்தான். ஒருவரிடம் ஒரு காரியம் கேட்பதற்கு முன்னால் அவருடைய உடம்பு, வீடு, வயிறு மூன்றையும் விசாரித்துவிட வேண்டும். எடுத்த எடுப்பில் எனக்கு இது வேண்டும் என்று கேட்பது அவள் ஊரில் சண்டைக்காரர்கள் செய்கிற வேலையாம். அவள் ஊர் வையம்பட்டிக்குப் பக்கத்தில், கிணறும் சோளமும் கொஞ்சம் மாடுகளும் உள்ள குடும்பம்.

எனக்கோ நீட்டி முழக்கும் பேச்சே ஆகாது. மன்னார்புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன் மேசையில் உட்கார்ந்து நாள் முழுவதும் போன் எடுப்பதுதான் என் வேலை. பெயர் என்ன, எந்தப் பல், எப்போது வருகிறீர்கள். அதற்கு மேல் ஒருவர் வாயைத் திறந்தால் என் குரல் தானாக மாறிவிடும். பல்வலிக்காரர்கள் என்னைக் கண்டு பயந்துதான் பாதிப் பேர் சரியான நேரத்துக்கு வருகிறார்கள் என்று டாக்டரே சொல்வார். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து அறையில் இப்படிப்பட்டவள்.

டவுன் பஸ் கண்டக்டரின் பையனுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலியாக வந்த பஸ்களை எல்லாம் விட்டுவிட்டு, அதே கண்டக்டர் வருகிற பஸ்ஸுக்காகச் சத்திரம் பஸ் நிலையத்தில் வெயிலில் நின்றாள். காய்ச்சல் விட்டதா என்று கேட்க வேண்டுமாம். அதைக் கேட்கிற சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். கொய்யாக்காய்க்காரம்மா இவளைக் கண்டாலே ஒன்று கூடுதலாகப் போடுவாள். அதே கூடையில் வருஷக்கணக்காக வாங்குகிற எனக்கு ஒரு பிஞ்சுகூடப் போட்டதில்லை. உலகத்தில் எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. ரேடியோவுக்கு மட்டும்தான் பிடிக்கவில்லை.

விமானம் ஓட்டுகிறவர்கள் தம் இஷ்டத்துக்கு ஓர் அடிகூட நகர முடியாது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இன்ஜினைப் போட, விமான நிலையத்தில் உயரத்தில் உட்கார்ந்து எல்லா விமானத்தையும் கவனிக்கிற டவரைக் கேட்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து ரன்வே வரை உருட்டிக்கொண்டு போகக் கேட்க வேண்டும். ரன்வேக்குள் மூக்கை நுழைக்கவும் கேட்க வேண்டும், கிளம்பவும் கேட்க வேண்டும். எல்லாம் ரேடியோவில். ஒரே அலைவரிசையில் எல்லா விமானங்களும் காத்துக்கொண்டிருப்பதால் கேட்பதைச் சுருக்கமாகக் கேட்க வேண்டும். யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார், எங்கே நிற்கிறாய், என்ன வேண்டும். இந்த நான்குதான். டவர் என்ன சொல்கிறதோ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். ஆனால் வடக்கே எங்கோ ஒரு பயிற்சிப் பள்ளியில் முதன்முதலாகத் தனியாக விமானத்தில் உட்கார்ந்து பேச்சுப் பொத்தானை அழுத்தியபோது, அவள் வாயிலிருந்து வந்தது, குட்மார்னிங் சார், நல்லா இருக்கீங்களா சார், டிபன் ஆச்சா சார் என்பதுதான். இங்கிலீஷில் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். டவரில் இருந்தவர், சொல்ல வந்த செய்தியைச் சொல்லுங்கள் என்றாராம். ஆர்வமாகக் கேட்கிறாரே என்று இவளும், இன்றைக்குத்தான் முதல் தடவை தனியாகப் போகிறேன், கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது, அம்மா விரதம் இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கிறவரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. இறங்க வந்துகொண்டிருந்த ஒரு விமானம் இறங்காமல் இன்னொரு சுற்றுச் சுற்றப் போனது. பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

இதைச் சொல்லும்போது அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை. கீழேயிருந்து மாமி விளக்குமாற்றுக் கட்டையால் உத்தரத்தைத் தட்டுகிறவரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் விஷயம் சிரிப்பதாக இல்லை. பறக்க வேண்டியதெல்லாம் பறந்து முடித்து, மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, இந்த ரேடியோ தேர்வு ஒன்று மட்டும் பாக்கி நின்றது. அது இல்லாமல் உரிமம் இல்லை. தேர்வில் அதிகாரி ஒருவர் டவராக இருப்பார், எதிரே காதில் ஹெட்ஃபோனோடு இவள் பேச வேண்டும். முதல் தடவை, உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் என்று ஆரம்பித்துத் தோற்றாள். இரண்டாவது தடவை நலம் விசாரிப்பை எப்படியோ விழுங்கிவிட்டாள். ஆனால் அங்கேயே நில் என்று டவர் சொன்னதும், ஏன் சார், ஏதாவது பிரச்சினையா சார், நான் எதுவும் உதவட்டுமா என்று கேட்டுத் தோற்றாள். மூன்றாவது தடவையும் போனால் வையம்பட்டிக்கே திரும்பிப்போய் அண்ணனோடு மாட்டைப் பார்த்துக்கொள்வது என்று அவளே முடிவு செய்திருந்தாள். படிக்க அமைதியான இடம் வேண்டும் என்று தேடித்தான் ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். உத்தர வீதியில் அமைதியைத் தேடி வந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் அப்பாவுக்குப் போன் செய்வாள். வராந்தாவில் உலாத்திக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவள் வழக்கம், எனவே என் காதிலும் விழும். காலையில் இட்லி கல்லு மாதிரி இருந்துச்சுப்பா என்பதில் ஆரம்பித்து, கண்டக்டர், கொய்யாக்காய், காவிரியில் தண்ணீர் எவ்வளவு, மாமி வடாம் பிழிந்தது, நான் யார் யாரை அன்றைக்கு முறைத்தேன் என்பதுவரை எல்லாம் போகும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ம் கூட வராது. அவர் போனை எடுப்பார், டிவி சத்தம் குறையும், அவ்வளவுதான். வெச்சிர்றேம்ப்பா என்று இவள் சொன்னதும் கட் ஆகிவிடும். சிக்னல் இல்லையோ என்று முதலில் நினைத்தேன்.

கேட்டதற்குச் சொன்னாள். பயிற்சிப் பள்ளியில் சேரலாமா என்று அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அம்மாவும் மாமாவும் சேர்ந்து முடித்து, சேர்ந்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் கடைசியாகப் பேசியது ஒரே ஒரு பேச்சு. "ரோட்ல போறவன் வர்றவனையெல்லாம் சாப்டீங்களா, போலாமா, வரலாமான்னு கேக்குறே. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே ஆத்தா." அதற்கப்புறம் அவளிடம் அவர் பேசவே இல்லை. போனை மட்டும் எடுப்பார்.

லைசென்ஸ் வாங்கிட்டா பேசிருவாருங்க்கா என்றாள். அவள் அப்படி நம்பினாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் அவளிடம் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அவள் தேறியாக வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் ஒரு வெறி பிடித்தது. அடுத்த நாள் காலையே நான் டவர் ஆனேன்.

மாடியில் இரண்டு அறைக்கும் ஒரே குளியலறை. நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, நான்கே நான்கு விஷயத்தில் கேட்டால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டேன். அக்கா, நைட்டு நல்லாத் தூங்குனீங்களா என்று வெளியிலிருந்து குரல் வந்தது. பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கினேன். கொசுக்கடி அதிகமா இருந்துச்சுல்ல என்றாள். வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து, ஒருவழியாக, ஸ்ரீரங்கம் டவர், டாங்கோ சியரா, ரூம் வாசல்ல, குளிக்கப் பெர்மிஷன் என்று வந்தது. டாங்கோ சியரா என்பது டி, எஸ் என்று அவள் பயிற்சியில் ஓட்டிய விமானத்தின் பெயரில் வரும் கடைசி இரண்டு எழுத்து. டாங்கோ சியரா, ஹோல்ட் பொசிஷன், அங்கயே நில்லு, பல் விளக்கிட்டிருக்கேன் என்றேன். ஏன்க்கா, பல்லு வலிக்குதா என்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தேன். அன்றைக்கு அவள் குளிக்கும்போது மணி பதினொன்று, நான் ஆஸ்பத்திரிக்குப் போனது பன்னிரண்டு. டாக்டரிடம் பொய் சொல்ல எனக்கே பல்வலி வர வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் மாடி முழுக்க விமான நிலையமாகிவிட்டது. அடுப்படி ஒரு ரன்வே. அயர்ன் பாக்ஸ் பிளக் இன்னொரு ரன்வே. இருவர் கையிலும் தோசைக்கரண்டி இருந்தால் யாருக்கு முதலில் அனுமதி என்பதற்குச் சட்டம் இருந்தது. என்னடி ரெண்டு பேரும் கார்த்தால எழுந்து பாத்ரூம் வாசல்ல இங்கிலீஷ்ல ஸ்தோத்ரம் சொல்றேள் என்று கேட்டுக்கொண்டு மாமி ஒருநாள் மேலே ஏறி வந்தார். அவள் விளக்கினாள். இரண்டே நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். மாமியின் முழங்கால் வலி, மாமி மருமகளின் மசக்கை எல்லாம் முடிந்து டவருக்கு வரும்போது காபி ஆறிப்போயிருந்தது.

மாமிக்கு அதில் ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டது. டேக்-ஆஃப் என்ற சொல்லை ரேடியோவில் சும்மா சொல்லக் கூடாது. கிளம்பலாம் என்று டவர் அனுமதி கொடுக்கிற அந்தக் கணத்தில் மட்டும்தான் அது வரலாம். அதுவரை புறப்படத் தயார் என்று வேறு சொல்லில்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தாலே அனுமதி கிடைத்துவிட்டது என்று யாராவது நினைத்துவிடலாம் இல்லையா? இதைக் கேட்டு நான் வியந்தேன், மாமி வியக்கவில்லை. "இதுல என்ன இருக்கு? ஆத்தை விட்டுக் கெளம்பறச்சே நாம போறேன்னா சொல்றோம்? போயிட்டு வரேன்னுதானே சொல்றோம். சொல்லக் கூடாத வார்த்தை எல்லா எடத்துலயும் உண்டு" என்றார். அன்றிலிருந்து என் டவர் பதவி போயிற்று. மாமியே டவர்.

உண்மையில் மாமிதான் அந்த வேலைக்குப் பொருத்தம். மாடி வராந்தாவில் நின்றால் வீதியின் இரண்டு கோடியும் தெரியும். மாமியின் குரல் மைக் இல்லாமலே கோபுர வாசல்வரை போகும். அவளிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வண்டியை உருட்டி வாசல் கதவருகே நிறுத்திக்கொண்டு, அண்ணாந்து, ஸ்ரீரங்கம் டவர், டாங்கோ சியரா, வாசல்ல, தயிர் வாங்கப் புறப்படத் தயார் என்பாள். மாமி இடதும் வலதும் பார்ப்பார். தண்ணி கேன் வண்டி ஒண்ணு வரது, இரு என்பார். இவள், தண்ணி கேன் வண்டிக்கு இருக்கேன் டாங்கோ சியரா என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாமி விடமாட்டார். யானை வந்தால் யானைக்கு முன்னுரிமை. பெருமாள் எழுந்தருளினால் எல்லாருக்கும் ஹோல்ட், அதில் மாமி யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. மேளச் சத்தம் கேட்கும்போதே இவள் தயிர்க்கடைக்குக் கிளம்பி முன்சக்கரத்தை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். டாங்கோ சியரா, ஹோல்டு, பெருமாள் எழுந்தருள்றார் என்றார் மாமி. இவளும் திருப்பிச் சொல்லிவிட்டு நின்றாள். பெருமாள் வந்தார். மாமி தட்டும் கற்பூரமுமாகக் கீழே ஓடி வந்து சேவித்தார், கண்ணில் நீர் வழியப் பல்லக்கின் பின்னாலேயே நடந்தார், அப்படியே போய்விட்டார்.

நான் அம்மா மண்டபத்திலிருந்து திரும்பி வரும்போது எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். முன்சக்கரம் வீதியிலும் பின்சக்கரம் வீட்டிலுமாக, தலையில் ஹெல்மெட்டோடு, ஒரு கால் ஊன்றி அவள் நின்றுகொண்டிருந்தாள். வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. அவளையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் தாண்ட முடியாமல் ஒரு சரக்கு ஆட்டோவும், அதற்குப் பின்னால் வெளியூர்ப் பக்தர்களின் வேன் ஒன்றும் நின்றிருந்தன. ஏன் நிக்கிறே என்றேன். மாமி கிளியரன்ஸ் குடுக்கலைங்க்கா என்றாள். பெருமாள் போயி அரை மணி ஆச்சு, நகரு என்றேன். டவர் சொல்லாம நகர மாட்டேன் என்றாள். சும்மா சொல்லவில்லை, உறுதியாகச் சொன்னாள். இரண்டு தடவை தோற்றவளின் பிடிவாதம் அது. சரக்கு ஆட்டோக்காரர் முதலில் கத்தினார். விவரம் கேட்டதும் அவருக்கே அதில் ஒரு ஞாயம் தெரிந்துவிட்டது. அந்தம்மா சொல்றது சரிதானே, ஆர்டர் குடுத்தவங்கதான எடுக்கணும் என்று பின்னால் இருந்தவர்களிடம் எங்களுக்காக வாதாடினார். மாமியின் போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. கடைசியில் யாரோ ஒருவர் சைக்கிளில் போய்ச் சித்திரை வீதி முனையில் பேசிக்கொண்டிருந்த மாமியைக் கண்டுபிடித்து, ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

மாமி வந்து இறங்கினார். அங்கேயே வாசலில் நின்று போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூச்சு வாங்க மாடி ஏறினார். வராந்தாவுக்கு வந்தார், புடவைத் தலைப்பைச் சரிசெய்தார், இடது பார்த்தார், வலது பார்த்தார். வீதியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. டாங்கோ சியரா, போயிட்டு வா என்றார். போயிட்டு வரேன் டாங்கோ சியரா என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வேனில் இருந்தவர்கள் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் கோவிந்தா போட்டார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் விலாப் பிடித்துக்கொண்டது. தயிர்க்கடை மூடிவிட்டது என்பது தனிக் கதை.

அதற்கப்புறம் வீதிக்கே அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சரக்கு ஆட்டோக்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது அண்ணாந்து ஒரு குரல் கொடுப்பார். பால்காரர் கொடுப்பார். இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியைத் திருப்புவதற்குக்கூட அனுமதி கேட்டார். மாமி வடாம் காயப் போட்டுக்கொண்டே எல்லாருக்கும் பதில் சொன்னார். அந்த மாதங்களைப் போல நான் என் வாழ்நாளில் சிரித்ததில்லை. ஆஸ்பத்திரியில் பல்வலிக்காரர் ஒருவரிடம் ஹோல்ட் பொசிஷன் என்று சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பயிற்சி பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. ஒருநாள் பஸ்ஸில் ஏறி, மன்னார்புரம் ஒண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் என்னிடம், அந்தப் பாப்பா வீட்ல ஏதாச்சும் துக்கமாங்க என்று கேட்டார். கொய்யாக்காய்க்காரம்மாவும் கேட்டாள். காலையில் என்னிடம் என்ன குழம்பு என்று கேட்பது நின்றது. நான் விரும்பியது இதைத்தான், ஆனால் வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. மாடி வெறிச்சென்று இருந்தது.

அப்பாவுக்குச் செய்கிற போனும் சுருங்கியது. "அப்பா, நான்தான். ரூம்ல இருக்கேன். நல்லா இருக்கேன். வெச்சிர்றேன்." அவ்வளவுதான். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்து நின்றிருக்கும். இவள் முடித்த பிறகும் சற்று நேரம் அது கூடாது, போனும் கட் ஆகாது. அவர் இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியாது, அவள் புத்தகத்தைத் திறந்திருப்பாள். கொழந்தைய ரொம்ப இறுக்கிப்பிட்டோமோ என்று மாமி ஒருநாள் என்னிடம் மெல்லக் கேட்டார். பரீட்சை முடியட்டும் மாமி என்றேன்.

தேர்வு சென்னையில். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். விடியற்காலை ரயில். மாமி புளியோதரை கட்டிக் கொடுத்து, வராந்தாவில் நின்று முறைப்படி அனுமதியும் கொடுத்து அனுப்பினார். ரயிலில் அவள் யாரிடமும் பேசவில்லை. எதிர் சீட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தையின் பெயரைக்கூட இவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

தேர்வுக் கூடத்தின் வெளியே காத்திருந்தேன். அவளுக்கு முன்னால் போன பையன் முகம் செத்து வெளியே வந்தான். பாதியில் ஹெட்ஃபோனில் சத்தமே வரவில்லை, மெஷின் ரிப்பேர் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டேன், மெஷின் நன்றாகத்தான் இருந்ததாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். எச்சரிக்க வழியில்லை.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஜின் போடவும், உருட்டிப் போகவும், ரன்வே ஓரத்தில் நிற்கவும், புறப்படவும் சரியாகக் கேட்டாளாம், எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னாளாம். மேலே ஏறிய பிறகு டவர் பேசாமல் போய்விட்டது. அதிகாரி எதிரே உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள், இல்லை.

"பதில் வரலைன்னா அவங்களுக்குக் கேக்கலைன்னு நெனச்சிரக் கூடாதுங்க்கா. நம்ம காதுக்குத்தான் வரலையோ என்னவோ. எங்க இருக்கோம், என்ன பண்ணப் போறோம்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு அது கஷ்டமாவே இல்லீங்க்கா. எங்கப்பாகிட்ட பேசுற மாதிரியே பேசினேன். பேச மாட்டாரு. ஆனா கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு."

அதிகாரி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, போகலாம் என்று மட்டும் சொன்னாராம். சாயங்காலம்தான் முடிவு சொன்னார்கள். தேறிவிட்டாள். நான் அந்தத் தாழ்வாரத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். ஒரு காவலாளி வந்து அதட்டினார். அவருக்கும் கைகொடுத்தேன்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தாள். வழக்கம்போல ஸ்பீக்கரில். அவர் எடுத்தார். வயலில் இருந்தார் போலிருக்கிறது, மோட்டார் இரைச்சல் கேட்டது. பிறகு மோட்டார் நின்றது.

"அப்பா, நான்தான். சென்னையில இருக்கேன். பாஸ் பண்ணிட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது மட்டும் கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். லைசென்ஸ் வாங்கினால் பேசிவிடுவார் என்று நம்பியிருந்தவள் அவள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். வெச்சிர்றேம்ப்பா என்று அவள் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனபோது, ஒரு செருமல் கேட்டது.

"அவ்ளோதானா?" என்றார்.

அவள் விரல் அப்படியே நின்றது.

"கொஞ்ச நாளாவே ரெண்டு வார்த்தையில வெச்சிர்றே. மிச்சத்தையும் சொல்லு ஆத்தா."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள், முதலில் நீங்க சாப்டீங்களாப்பா என்று கேட்டாள், பிறகு விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஆரம்பித்தாள். மாமியின் புளியோதரையில் உப்புத் தூக்கல் என்றாள். எதிர் சீட்டுக் கைக்குழந்தையின் பெயரை என்னிடம் கேட்டு அதையும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ம், ம் என்று வந்துகொண்டே இருந்தது. நான் தெருவைக் கடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு, அவளுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் கதையில் ரயில் இன்னும் விருத்தாசலத்தைத் தாண்டியிருக்கவில்லை.